இரட்டைக்குட்டி ஆராய்ச்சி

கூழாம்பட்டி ஆட்டு மரபணு ஆராய்ச்சி மையத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவரும் மெத்தப் படித்தவர்கள். அதுதான் வினையே.

இயக்குநர் சிவனணைந்தபெருமாளும் உதவியாளர்கள் துரைக்கண்ணுவும் வன்னியராஜும் ஊர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பேச்சியம்மாளின் ஆடுகள் எல்லாவற்றிலும் ஒரு மரபணு இருந்தது. அவையெல்லாம் இரட்டைக்குட்டி ஈன்றன. உலகம்மாளின் ஒரே ஆட்டுக்கு அது இல்லை, ஒற்றைக்குட்டிதான். "கண்டுபிடிச்சாச்சு!" என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மரபணு இல்லாத ஆடுகள் கறிக்கடைக்குப் போகவேண்டும் என்று உத்தரவும் போட்டார்கள்.

உலகம்மாள் பதறி ஓடிவந்தாள். "ஐயா, பேச்சி அக்கா பருப்பு மில்லு வச்சிருக்கா. அவ ஆடெல்லாம் ஒரே தாயோட வாரிசு, துவரம்பொட்டு தின்னு வளருது. என் ஆடு சினிமா போஸ்டரத் தின்னுட்டுக் கெடக்கு. இத வச்சுத்தான்யா என் பொழப்பே ஓடுது."

"போஸ்டர் மரபணுவுல வராதும்மா," என்றார் இயக்குநர் கனிவாக.

நல்லவேளை, தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது: 'மரபணுவும் இரட்டைக்குட்டியும் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. மரபணு தவிர மற்ற எல்லாவற்றையும் ஒன்றுபோல் வைத்துப் பாருங்கள். அதுவரை ஆட்டைத் தொடாதீர்கள்.'

பேச்சியின் ஆடு ஒன்றையும் உலகம்மாளின் ஆட்டையும் ஒரே கொட்டகையில் அடைத்தார்கள். பேச்சியின் ஆடு கறுப்பு, உலகம்மாளுடையது வெள்ளை. தொடக்கூடாதே! நீளக் கழியில் பிரஷ்ஷைக் கட்டி வெள்ளை ஆட்டுக்கும் கறுப்படித்தார்கள்.

"சார், பேச்சி ஆடு லேசா நொண்டுது," என்றார் துரைக்கண்ணு.

"அப்ப இதுவும் நொண்டணுமே!" என்றார் இயக்குநர்.

வன்னியராஜ் உலகம்மாளின் ஆட்டுக்கு முன்னால் மூன்று நாள் நொண்டிக் காட்டினார். ஆடு கற்றுக்கொள்ளவில்லை. வன்னியராஜ்தான் இன்னும் நொண்டுகிறார்.

இரண்டுக்கும் ஒரே துவரம்பொட்டு, ஒரே கிடா. ஆறு மாதம் கழித்து இரண்டுமே இரட்டைக்குட்டி ஈன்றன.

"மரபணு இல்லாம உலகம்மா ஆட்டுக்கு ரெண்டு எப்படி சார்?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

"முடியவே முடியாது. ஆகவே ஒண்ணுதான் பிறந்திருக்கு."

"அப்ப இன்னொண்ணு?"

"பிறக்கல."

எது பிறக்காதது என்று மதியம் வரை வாதாடினார்கள். மெதுவாகக் கத்திய குட்டிதான் என்று முடிவாயிற்று. "ஆக, இது ஒத்தைக்குட்டி ஆடு. கறிக்கடைக்கு அனுப்புங்க," என்றார் இயக்குநர்.

உலகம்மாள் ஓடிவந்து ஆட்டுக்கு முன்னால் நின்றாள். "ஏன்யா, பிறக்காத குட்டிக்கு ஏது தாய்? அந்தக் குட்டி இல்லைன்னா, அதுக்குப் பால் குடுக்கற இந்த ஆடும் இல்லைதானே? இல்லாத ஆட்ட எப்படிய்யா வெட்டுவீங்க?"

மூவரும் திகைத்துப்போனார்கள். இப்படி ஒரு கோணத்தை அவர்கள் யோசிக்கவே இல்லை. உடனே ரசீது எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்: 'இல்லாத ஆடு ஒன்றும் பிறக்காத குட்டி ஒன்றும் நல்ல உடல்நலத்துடன் பெற்றுக்கொண்டேன்.'

அவள் ஆட்டையும் பிறக்காத குட்டியையும் ஓட்டிக்கொண்டு கிளம்பியதும், ஆதாரத்துக்காக வைத்திருந்த பிறந்த குட்டியும் துள்ளிக் குதித்துத் தாயின் பின்னால் ஓடியது. வன்னியராஜ் நொண்டிக்கொண்டே துரத்தினார்.

"விடுய்யா," என்றார் இயக்குநர். "இல்லாத ஆட்டுக்குப் பின்னால போற குட்டி எவ்வளவு தூரம் போயிடும்?"