கண்ணுக்கார மாமன்

ஒரு ஊர்ல ஒரு மாமன். பேரு வைரவன். ரொம்ப நல்லவன். அவன் கண்ணுதான் பொல்லாதது.

கண்ணு தெரியாமல்லாம் இல்ல. நல்லா தெரியும். எதையாச்சும் பாத்து, மனசு நெறஞ்சு, "ஆகா, என்ன அழகு!"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டான்னு வை, போச்சு. பக்கத்து வீட்டுக் கூரையில ஒரு பூசணிக்காய். "ஆகா, என்னமா காச்சிருக்கு!"ன்னான். தொபுக்கடீர். புது வண்டி ஒண்ணு போச்சு. "ஆகா, என்ன வண்டி!"ன்னான். அச்சு மடக். அப்புறம் ஒருத்தரைப் பாத்து, "அண்ணே, மீசை ஜோரா இருக்கு"ன்னான். காலையில எந்திரிச்சுப் பாத்தா அவருக்கு ஒரு பக்க மீசையைக் காணோம்.

ம் சொல்லு. ம்.

அப்போ ஊர்க்காரங்க என்ன செஞ்சாங்க? வீட்டுக்கு வீடு திருஷ்டி பொம்மை மாட்டிட்டாங்க. முட்டைக் கண்ணு, கோரைப் பல்லு, தொங்குற நாக்கு. வைரவன் கண்ணு மொதல்ல அந்த மூஞ்சி மேல விழட்டும், வீடு தப்பிச்சுக்கும்னு. மாட்டுக் கொட்டாய்ல ஒண்ணு, பப்பாளி மரத்துல ஒண்ணு. டீக்கடையில வடைத் தட்டுக்குக்கூட குட்டியா ஒண்ணு.

அவன் தெருவுல நடந்தா மனுசங்க எல்லாம் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. பொம்மைங்க மட்டும் அவனை உத்து உத்துப் பாக்கும். அவனும் பாவம், "என்னா, சாப்டாச்சா?"ன்னு பொம்மைங்களை விசாரிச்சுக்கிட்டே போவான்.

அவனுக்கு ஒரே ஒரு தங்கச்சி. மயிலம்மா. அடுத்த ஊர்ல கட்டிக் குடுத்திருந்தது. அவளுக்கு ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சு. வைரவன் ஆசை ஆசையாப் பாக்கப் போனான். மயிலம்மாவோட மாமியாக்காரி வாசல்லயே மறிச்சு ஒரு சொம்பு மோர் குடுத்தா.

"புள்ள தூங்குதுப்பா."

"எப்ப முழிக்கும், அத்தே?"

"அது பெரிய தூக்கக்காரி. நீ மோரைக் குடி."

எப்ப போனாலும் மோர்தான். புள்ளையக் கண்ணுல காட்டல.

அப்புறம் புள்ளைக்குக் காது குத்தற நாள் வந்துச்சு. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே குத்தணும்? மாமியாக்காரி, "ஒண்ணுவிட்ட மாமன் எவனாச்சும் இருந்தா கூப்புடு"ன்னா. மயிலம்மா கேக்கல. "எங்கண்ணன் மடி. இல்லேன்னா எம்புள்ளைக்குக் காதே குத்த வேணாம்"னுட்டா.

"சரி, வரட்டும். ஆனா அவன் கண்ணு எம்பேத்தி மேல பட்டுச்சு, அப்புறம் இந்த வாசப்படிய அவன் மிதிக்கக் கூடாது. ஆமா."

வைரவனுக்குச் சேதி வந்துச்சு. அவனுக்குச் சந்தோசம் ஒரு பக்கம், உதறல் ஒரு பக்கம். பாக்காம எப்படி மடியில வச்சுக்கறது?

மொதல்ல ஒரு துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கிட்டான். பழகிப் பாக்கணுமில்ல? பக்கத்து வீட்டுக் கோழியப் புடிச்சு மடியில வச்சான். கோழி கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. அப்புறம் பட பட படன்னு பறந்துடுச்சு. இவன் தாவிப் புடிச்சான். நல்லா கெட்டியா அணைச்சுக்கிட்டு, "அழாதம்மா, அழாத கண்ணு"ன்னு தட்டிக் குடுத்துக்கிட்டே இருந்தான். துண்டை அவுத்துப் பாத்தா மடியில இருக்கறது அம்மிக் குழவி.

சிரிக்காத. தூங்கற நேரம்.

அப்புறம் சந்தையில பொம்மைக்காரர்கிட்ட போனான்.

"ஒரு மூஞ்சி வேணும்யா."

"எந்த மூஞ்சி?"

"இதைத் தவிர எது வேணும்னாலும்"னு தன் மூஞ்சியத் தொட்டுக் காட்டினான். "கெட்ட மூஞ்சியில இருக்கறதாலதானே எங்கண்ணு கெட்ட கண்ணாப் போச்சு? மூஞ்சி நல்லாயிருந்தா கண்ணும் நல்லதாயிடும்ல?"

பொம்மைக்காரர் உள்ள போயி ஒரு ராஜா மூஞ்சி எடுத்தாந்தார். ரோஸ் கன்னம், எடுப்பான மூக்கு, முறுக்கின மீசை. நெத்தியில ஒரு சுருக்கம் கெடையாது. "இந்த மாதிரி ஒரு ஆம்பளை இதுவரைக்கும் எங்கயும் பொறக்கல"ன்னார்.

வைரவன் அதை மாட்டிக்கிட்டுக் கடைத்தெருவுல நடந்தான். அடேயப்பா! ஒருத்தரும் மூஞ்சியத் திருப்பல. "வாங்க வாங்க"ன்னாங்க. ஒரு அம்மா தன் புள்ளைய நீட்டி, "மாமாவுக்கு டாட்டா சொல்லு"ன்னா. இவனுக்குக் கால் தரையில பாவல. அப்போ வழியில மாடு தண்ணி குடிக்கற தொட்டி. குனிஞ்சு பாத்தான். தண்ணிக்குள்ள ராஜா.

"ஆகா! என்ன அழகு!"

படார்!

நெத்தியிலேர்ந்து தாவாக்கட்டை வரைக்கும் ராஜா ரெண்டாப் பொளந்துட்டார். மீசை தண்ணியில மெதக்குது. அது பக்கத்துல வைரவனோட சொந்த மூஞ்சி தெரிஞ்சுது. அதைப் பாத்து அவன் ஒண்ணும் சொல்லல. அது உடையாம இருந்துச்சு.

ம்?

அப்புறம் அவன் திரும்பப் பொம்மைக்காரர்கிட்டயே போனான். அவர் பாத்துட்டு, "உனக்கு அழகு ஒத்துக்காது. இந்தா"ன்னு ஒரு திருஷ்டி பொம்மையையே எடுத்துக் குடுத்தார். அதே முட்டைக் கண்ணு, அதே நாக்கு. "இது கண்ணு வெறும் பெயின்ட்டு. மூக்குல ரெண்டு ஓட்டை இருக்கு. அது வழியாப் பாத்தா உன் மடி மட்டும்தான் தெரியும். மேல தெரியாது."

அதை மாட்டிக்கிட்டே காதுகுத்துக்குப் போனான். பந்தல்ல இருந்த புள்ளைங்க எல்லாம் வீல்னு கத்திக்கிட்டு ஓடிச்சுங்க. ஒரு பெருசு, "யாருய்யா இது, வாசல்ல மாட்டினதைக் கழட்டி உள்ள உக்கார வச்சது?"ன்னார். மாமியாக்காரி மட்டும், "இதுதான் சரி"ன்னா.

வைரவன் மணையில உக்காந்தான். மயிலம்மா புள்ளையக் கொண்டாந்து மடியில வச்சா. மூக்கு ஓட்டை வழியா அவனுக்கு ஒரே ஒரு பாதம் தெரிஞ்சுது. குட்டிப் பாதம். பட்டாணி மாதிரி வெரலு. அவனுக்கு நெஞ்சுக்குள்ளேர்ந்து கெளம்பி வருது, "ஆ..."ன்னு. நறுக்குன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டான்.

பத்தர் வந்து ஒரு காதைக் குத்தினார். "வீஈஈல்!" புள்ள துடிச்சுத் திரும்பி அவன் மூஞ்சியப் பாத்துச்சு. எல்லாரும், "ஐயோ, பயந்துடும்!"னாங்க. அது பயப்படல. அழுகைய நிறுத்திடுச்சு. கைய நீட்டி, தொங்குற நாக்கைப் புடிச்சு, சரக்!

பொம்மை மூஞ்சி கையோட வந்துடுச்சு.

மாமியாக்காரி முந்தானைய விரிச்சுக்கிட்டு ஓடி வர்றா. வைரவன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். அப்போ அவன் மூஞ்சி மேல பிஞ்சுக் கை ஒண்ணு ஊருது. மூக்கைத் தடவுது. வாயைத் தடவுது. அப்புறம் கண் இமையப் புடிச்சு மெல்லத் தொறக்குது. ரெண்டு பேரு கண்ணும் நேருக்கு நேர். யாரு முந்தப் போறாங்க?

புள்ள முந்திக்கிச்சு. வாயெல்லாம் சிரிப்பா, "ஆஆ... ங்கா!"ன்னுச்சு.

டக்!

வைரவனோட முன் பல்லு ஒண்ணு மடியில விழுந்துச்சு.

மாமியாக்காரி பல்லைப் பாத்தா. பேத்தியைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் தடவிப் பாத்தா. ஒரு கீறல் இல்ல. திரும்பப் பல்லைப் பாத்தா. "அடி ஆத்தி! மாமங்கண்ணு அப்படியே மருமகளுக்கு வந்திருக்கே!"

வைரவனுக்குப் புரியல. பொக்கை வாயில காத்துப் போக, "யாரைப் பாத்து அப்படிச் சொல்லுச்சு?"ன்னு கேட்டான்.

"உன்னத்தாண்ணே"ன்னா மயிலம்மா.

அவன் பின்னாடி திரும்பிப் பாத்தான். அங்க யாரும் இல்ல.

பத்தர் இதான் சமயம்னு இன்னொரு காதையும் குத்திட்டார். புள்ள அழக்கூட இல்ல, மாமனைப் பாக்கறதுலயே இருந்துச்சு. மாமியாக்காரி விறுவிறுன்னு உள்ள போயி, கை நெறைய உப்பும் வரமிளகாயும் அள்ளிக்கிட்டு வந்தா.

"அசையாத. கெழக்கப் பாத்து உக்காரு."

"புள்ளைக்கா, அத்தே?"

"உனக்குத்தான்டா! எம்பேத்தி கண்ணு உம்மேல பட்டிருக்கு. சும்மா விட முடியுமா?"

அவன் தலையச் சுத்தி வலமா, எடமா சுத்தினா. தூ தூன்னு துப்பச் சொன்னா. அவனுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் சுத்திப் போட்டதில்ல. பல்லு போன வாயால அவன் ப்பூ ப்பூன்னு துப்பினான். அப்புறம் எல்லாத்தையும் அடுப்புல போட்டா. பட பட பட படன்னு வெடிச்சுது. ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. மிளகா கருகிப் போச்சு. நெடியே வரல. ஒருத்தருக்கும் ஒரு தும்மல் இல்ல.

"பாத்தியா, நெடியே காணோம். எம்மாம் திருஷ்டி!"ன்னா மாமியாக்காரி.

நெடியே இல்லாத அந்த வீட்டுல வைரவன் கண்ணுலேர்ந்து மட்டும் தண்ணி பொல பொலன்னு ஊத்துச்சு.

அவ்வளவுதான். கதை அவங்க வீட்டுல தங்கிடுச்சு. நீ கண்ணை மூடு.