கொலைகாரனைக் காட்டிக்கொடுத்த தலைவர்

நூலகக் குழுத் தலைவர் தாணுமாலயனுக்கு நூலகர் எஸ்தர் மேல் வெகுநாளாகச் சந்தேகம். ஒருநாள் வாசகர்கள் முன்னாலேயே அவளை மடக்கினார்.

"வர்றவங்களுக்கெல்லாம் மர்ம நாவலும் மாயாஜாலக் கதையுமா சிபாரிசு பண்றியாமே? அந்தக் குப்பையை நான் தொட்டதுகூட இல்லை. எல்லாத்தையும் இன்னைக்கே அப்புறப்படுத்து. இல்லேன்னா வேலையை விட்டுப் போயிடு!"

எஸ்தருக்கும் அவர்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. அவர் வந்துபோனாலே மர்ம நாவல் அலமாரியில் ஒரு புத்தகம் குறையும். அவள் பணிவாக ஒரு நாவலை எடுத்துக் காட்டினாள்.

"நீங்க சொல்றது சரிதான் சார். சமையல்காரன்தான் கொலைகாரன்னு முதல் பக்கத்துலயே தெரிஞ்சுடுது. இதெல்லாம் ஒரு கதையா?"

"யார் சொன்னா? கொலை பண்ணினது டாக்டர்! கடைசி அத்தியாயத்துலதானே..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாசகர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டாம் பாகம் வந்திருக்கு சார். உங்க பேர்லயே பதிஞ்சு தரட்டுமா?"

தலைவர் கையை நீட்டினார்.