எழுந்து நின்ற ஐந்து நீதிபதிகள்

முன்னொரு காலத்திலே வேங்கைநாட்டை மகுடவேலன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி! அவன் பாட்டன் ஏற்படுத்திய பெரிய மன்றம் அங்கே இருந்தது. ராஜா போட்ட உத்தரவையே தப்பென்று தள்ளும் அதிகாரம் அதற்கு உண்டு. ஒரு சமயம் அதன் ஐந்து நீதிபதி ஆசனங்களும் காலியாயின.

அரண்மனைத் தலைமை வழக்குரைஞன் வித்தகசேகரன் ஓடிவந்து ஐந்து பேரைச் சொன்னான். ஐவரும் அவனுக்குக் கீழே இருந்தவர்கள், ஆயுசு முழுக்க அரண்மனைக்காகவே வாதாடியவர்கள்.

"இவர்களைவிடச் சட்டம் தெரிந்தவர் உண்டா, மகாராஜா?"

"கிடையவே கிடையாது. நியமித்தோம்!"

மந்திரி அறவாழிக்குப் பொறுக்கவில்லை. "ஏழைக்காக ஒருநாள் வாதாடியவர், ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொன்னவர், சட்டம் கற்பித்தவர், ஒருத்தர்கூடவா இந்த நாட்டில் இல்லை?" என்று கேட்டார்.

"மந்திரிக்குப் பொறாமை!" என்றான் வித்தகசேகரன். ராஜா சிரித்தான்.

முதல் வழக்கே காத்தாயி என்ற குடியானவப் பெண்ணுடையது. அரண்மனைப் பூந்தோட்டத்துக்காக அவள் ஊர் ஏரி மதகை அடைத்துவிட்டார்கள், படுபாவிகள்! நெல் கதிர்விடும் நேரம். இப்போது தண்ணீர் வராவிட்டால் ஊரே பட்டினிதான். மந்திரி பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.

"மகாராஜா, புதிய நீதிபதிகளுக்கு விருந்து வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கலாமே. தாங்களும் வாருங்கள்."

ராஜாவுக்குப் பரம சந்தோஷம். விருந்து பலமாக நடந்தது. ஐவரும் ஆசனத்தில் உட்கார்ந்ததும் கண் சொருகியது.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம். கட்டியக்காரன் ஒரு தரப்பைக் கூப்பிட்டால், அந்தத் தரப்பார் எழுந்து கும்பிட வேண்டும்.

"காத்தாயி தரப்பு!" என்றான் கட்டியக்காரன். காத்தாயி ஒருத்திதான் எழுந்தாள்.

மந்திரி கண் காட்டினார். கட்டியக்காரன் அடித்தொண்டையிலிருந்து முழங்கினான்: "அரண்மனைத் தரப்பு!"

வித்தகசேகரன் எழுந்தான். தூக்கத்திலிருந்து துள்ளி, ஐந்து நீதிபதிகளும் எழுந்தார்கள்! எழுந்து, ராஜாவைப் பார்த்துக் கைகூப்பியும் நின்றார்கள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிக்காதீர்கள், மகாராஜா!" என்றார் மந்திரி. "இவர்கள் கெட்டவர்களென்று நான் சொல்லவில்லை. ஆயுசெல்லாம் உங்களுக்காக எழுந்து பழகிய கால்கள், ஆசனம் மாறினால் மறந்துவிடுமா? ஐந்து பேரும் அப்படியே இருந்தால் இவள் எங்கே போவாள்?"

காத்தாயி ராஜாவை நேராகப் பார்த்தாள். "அஞ்சு பேரும் உங்க ஆளுங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, இம்புட்டு தூரம் நடந்தே வந்திருக்க மாட்டேனே சாமி!"

ராஜாவின் சிரிப்பு நின்றது. முகம் கறுத்தது. "முதலில் மதகைத் திறங்கள்! அப்புறம் ஐவரில் ஒருவர் மட்டும் இருக்கட்டும். மற்ற நால்வரை மந்திரி அன்று சொன்ன மாதிரி ஆட்களில் தேடுங்கள். வித்தகசேகரா, இனி நீ கூலி வாங்காமல் குடியானவர்களுக்காக வாதாடு. அந்தப் பக்கம் நிற்பது எப்படியென்று உனக்கும் தெரியட்டும்!"

அன்று சாயங்காலமே காத்தாயி வயலில் தண்ணீர் பாய்ந்தது.

புதிய மன்றம் கூடிய நாளில் கட்டியக்காரன் மறுபடி முழங்கினான்: "அரண்மனைத் தரப்பு!" நான்கு நீதிபதிகள் அசையவில்லை. ஐந்தாமவர் மட்டும் தன் முழங்கால்களை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.