வெறுங்கைக்கு முதல் மீன்

அரசர்களுக்கு நாக்கு நீண்டும் காது குறுகியும் இருந்த முன்னொரு காலத்தில், ஆற்றங்கரை நாடு ஒன்றை ஓர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் மீன் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் மதியம் இலையில் விரால் இல்லை. கோடையில் ஆறு வற்றிக் கிடக்கிறது என்று சமையற்காரன் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. ஆற்றுக்காவல் அதிகாரி செண்டலங்காரர் சொன்னதுதான் ஏறியது. கரையில் வாழும் துறைக்குடி மக்கள் ஆற்றையே வழித்துத் தின்கிறார்களாம்.

அன்றே சட்டம் பிறந்தது. அரண்மனை முத்திரை பெற்றவர்தான் வலை வீசலாம். அதுவும் தன் வயிற்றுக்கு மட்டும். எவராயினும் தம் கையால் பிடிக்காத மீனைத் தின்றால், தின்றவரும் கொடுத்தவரும் நாட்டை விட்டே வெளியேற வேண்டும். அந்த ‘எவராயினும்’ செண்டலங்காரர் சேர்த்தது. சட்டம் என்றால் கம்பீரமாக ஒலிக்க வேண்டாமா?

துறைக்குடியினரிடம் ஒரு வழக்கம் உண்டு. வலையில் ஏறும் முதல் மீனை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வலை வீச முடியாமல் வெறுங்கையோடு இருப்பவருக்கு அது போய்விடும். வெள்ளச்சி என்பவளும் அப்படித்தான் செய்தாள். அவளிடம் முத்திரை இருந்தது. பக்கத்துக் குடிசையில் பூவாயி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அவள் புருஷனை ஆறு கொண்டுபோய் நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளச்சி கொடுத்த மீனை அவள் தின்றாள். காவலர்கள் இருவரையும் பிடித்தார்கள்.

அரசவை விகடன் மாசிலான்மேல் செண்டலங்காரருக்கு நெடுநாள் பொறாமை. இதுதான் சமயம் என்று, இந்த வழக்கை விகடனே விசாரிக்கட்டும் என்றார். அரசனுக்கும் அது வேடிக்கையாகப் பட்டது.

“மாசிலானே, தீர்ப்பு உன்னுடையது. ஆனால் சட்டத்தில் ஓர் எழுத்தும் வளையக் கூடாது. வளைத்தால் நீயும் அவர்களோடு எல்லையைக் கடப்பாய்” என்றான் அரசன்.

மாசிலான் சிறைக்குப் போய்ப் பார்த்தான். பூவாயி மடியில் பிள்ளை பாலுக்கு அழுது அழுது ஓய்ந்திருந்தது. வெளியே வந்ததும் நேரே அரண்மனை மீனவர்களிடம் போனான். இனி நீங்கள் பிடிப்பதை நீங்களே தின்னுங்கள், சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றான். பிறகு அரசனிடம், குற்றம் நடந்த ஆற்றங்கரையிலேயே நாளை தீர்ப்பு என்று தெரிவித்தான்.

மறுநாள் உச்சி வெயிலில் ஆற்று மணலில் சபை கூடியது. வெள்ளச்சியையும், பிள்ளையோடு பூவாயியையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அரசனுக்கு இலை போட்டார்கள். சோறு வந்தது, கீரை வந்தது, மோர் வந்தது.

“மீன் எங்கே?”

“பிடித்த கைதான் தின்ன வேண்டும் அரசே. தங்களுக்கு முத்திரை உண்டு. வலையும் கொண்டுவந்திருக்கிறேன்” என்றான் மாசிலான்.

அரசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். வீசிய வலை கயிறு போலச் சுருண்டு விழுந்தது. திரும்பத் திரும்ப வீசியும் பாசிதான் வந்தது. பசியில் முகம் கறுத்துக் கரையேறி உட்கார்ந்தான்.

தீர்ப்பு வரும்வரை வெள்ளச்சியின் முத்திரை செல்லும் என்று சொல்லி, அவள் கையில் வலையைக் கொடுத்தான் மாசிலான். அவள் ஒரே வீச்சில் ஒரு விராலை எடுத்தாள். சுள்ளி மூட்டிச் சுட்டாள். யாரையும் கேட்கவில்லை, நேரே அரசனிடம் போனாள்.

“எங்க தொறையில வெறுங்கையா இருக்கிறவங்களுக்குத்தான் சாமி மொத மீனு. முள்ளு பாத்துத் தின்னுங்க.”

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். அரசனுக்குத் தன் சட்டம் பறந்துபோனது. முள்ளை மட்டும் மிச்சம் வைத்தான்.

அப்போது மாசிலான் எழுந்தான். அவன் குரலில் விகடம் இல்லை.

“தீர்ப்புச் சொல்கிறேன். வெள்ளச்சி இருமுறை கொடுத்தாள். அவள் போக வேண்டும். பூவாயி தின்றாள். அவளும் பிள்ளையோடு போக வேண்டும். இப்போது இங்கே தின்றவரும் பொழுது சாய்வதற்குள் எல்லையைக் கடக்க வேண்டும். ஓர் எழுத்தும் வளைக்கவில்லை அரசே.”

செண்டலங்காரர் பதறி, சட்டம் அரசருக்கு இல்லை என்றார்.

“எவராயினும் என்று எழுதியவர் தாங்கள்தானே?” என்றான் மாசிலான்.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே திரும்பியவன் கண்ணில் பூவாயியின் பிள்ளை பட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. தான் தின்றதும் அவள் தின்றதும் ஒரே பசிக்குத்தான் என்று அவனுக்கு உறைத்தது. சட்ட ஓலையை வாங்கி, மீன் சுட்ட நெருப்பிலேயே போட்டான். வயிற்றுக்குப் பிடிப்பவருக்கு இனி முத்திரை வேண்டாம் என்றான். தன் முத்துமாலையைக் கழற்றி மாசிலான் கழுத்தில் போட்டான்.

எல்லாரும் அரசனைப் பார்த்து நின்றபோது, வெள்ளச்சி இன்னொரு மீனைப் பிடித்துச் சுட்டு எடுத்துக்கொண்டு செண்டலங்காரரிடம் போனாள்.

“நீங்களும் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலியே ஐயா.”

அவர் தலை குனிந்து இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.