நாலு டிகிரியில் பிடித்தது

எங்கள் ஆய்வகத்தில் குருவுக்கு வயது முப்பத்தொன்பது, சீடருக்கு நாற்பத்தாறு. குருவான ரெஜினா மேடம் அவரை "வேலு சார்" என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் முதல் வாரம் சிரித்ததோடு சரி.

குழந்தைவேலு முன்பு அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை பார்த்தவர். அவருடைய மகளைப் பாம்பு கடித்துத் தூக்கி வந்த மதியம், வேலையில் இருந்ததும் அவர்தான். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் பார்க்க வேண்டும். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. அது உறைந்தது. விஷமில்லை என்று எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் பிள்ளை போய்விட்டாள். நரம்பைத் தாக்கும் விஷமென்றால் ரத்தம் எப்போதும்போல் உறையும்.

அதற்குப் பிறகுதான் வேலையை உதறிவிட்டு எங்களிடம் வந்தார். அவருக்கு வேண்டியது ஓர் ஆப்டமர். விஷப் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் டிஎன்ஏ இழை. அது பிடித்தால் காகிதப் பட்டையில் சிவப்புக் கோடு விழும்.

நாலு வருஷம். இழை பிடிக்கவில்லை என்றால் இழையை விட்டுவிட்டுக் கரைசலை மாற்றுவார். உப்பைக் குறைத்தார், மக்னீசியத்தைக் கூட்டினார், கடைசியில் எல்லாவற்றையும் நாலு டிகிரி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. அட, நாங்களே கைதட்டினோம். எங்களைச் சொல்லணும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வேட்டைக் கொண்டுவந்து மேடத்தின் மேசையில் வைத்தார். பிஎச்.டி. பதிவு முடிய ஒரு மாதம்தான் பாக்கி.

"தொண்ணூத்தி நாலு சதவீதம் சரியாப் பிடிக்குது மேடம். இது போதுமா?"

"எத்தனை டிகிரியில?"

"நாலு."

மேடம் பேனாவை மூடினார். வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

"ரத்தம் எடுங்க."

உறையாதபடி மருந்து தடவிய குழாயில் எடுத்தார். பழகிய கை. ரத்தத்தில் ஒரு துளி விஷப் புரதம் கலந்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனார்.

"அங்க வேண்டாம். கையிலேயே பிடிங்க."

குழாயை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நின்றார். இருபது நிமிடம். பிறகு ஒரு சொட்டு எடுத்துப் பட்டையில் விட்டார்.

கோடு விழவில்லை. இன்னொரு பட்டையில் விட்டார். அதிலும் இல்லை.

"ரத்தத்துல வேற என்னென்னமோ இருக்கு மேடம். பத்து மடங்கு தண்ணி சேர்த்து, மக்னீசியம் போட்டு, குளிர வச்சா கண்டிப்பா பிடிக்கும்."

"பிடிக்கும். ஏட்டுல பொய் ஒண்ணும் இல்ல. கேட்டீங்கன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன். பட்டமும் வரும்."

அவர் கேட்கவில்லை.

"நாலு வருஷம் மேடம். நான் எங்க தப்புப் பண்ணேன்?"

"நாம. ஒவ்வொரு பக்கமும் நான் பாத்ததுதானே."

மேடம் ஏட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்குப் பாப்பாவோட ரத்தத்தை எடுத்தீங்களே. குழாய் எப்படி இருந்துச்சு?"

"சூடா இருந்துச்சு மேடம்."

"அதுல பிடிக்கணும், வேலு சார்."

அவர் குழாயை மறுபடி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்; வெகுநேரம் கையைத் திறக்கவே இல்லை.