மூன்று தும்மலும் ஒரு சிம்மாசனமும்

தும்பைநாட்டு அரசர் வீரவிடங்கருக்கு எல்லைக்கு வெளியே பகைவர் யாரும் கிடையாது. அவருடைய ஒரே பகை முகத்திலேயே குடியிருந்தது. சபையில் வந்து உட்கார்ந்தால் போதும், மூக்கு அரிக்கும், தும்மல் கிளம்பும். ஒன்றோடு நிற்கவும் நிற்காது.

மூன்றாவது தும்மல் முடிவதற்குள், பக்கத்து ஆசனத்திலிருந்து தலைமைப் பண்டிதர் அகோரநாதர் எழுந்துவிடுவார்.

"மன்னர் மும்முறை தும்மினால், அன்று பொழுது சாயும்வரை ஆட்சி தலைமைப் பண்டிதருக்கு. இது நாட்டின் அடிப்படைச் சட்டம். அரசே, கொஞ்சம் எழுந்திருக்கிறீர்களா?"

அரசரும் மூக்கைத் துடைத்தபடியே இறங்கி, ஓரத்து முக்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார். சட்டம் என்று சொன்ன பிறகு நல்ல மனிதர் என்ன செய்வார்?

பண்டிதர் அரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் மூக்குப்பொடி போடுகிறார் என்பது சபைக்கே தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒருநாள் அரசவை விகடன் செவ்வந்தியப்பன் சொல்லிவிட்டான். "அரசே, நம் நாட்டில் ஆட்சி மாறப் படையெல்லாம் வேண்டாம். ஒரு சிட்டிகை பொடி போதும்."

சபை குலுங்கிச் சிரித்தது. பண்டிதர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு நான் சிம்மாசனம் ஏறியதும் முதல் கட்டளை, இவனை யானைக் கொட்டிலுக்கு அனுப்புவதுதான். யானைகளைச் சிரிக்க வைக்கட்டும்!"

செவ்வந்தியப்பன் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் அவன்தான். இந்த வேலை கிடைத்ததற்கு ஊரே கூடிப் பொங்கல் வைத்தது. போதாக்குறைக்கு யானை என்றால் அவனுக்கு நடுக்கம்.

அரசர் அவனைத் தனியே கூப்பிட்டார். "அடே, அப்படி ஒரு சட்டம் நிஜமாகவே இருக்கிறதா?"

"தெரியாது, அரசே."

"என்னது, தெரியாதா? இந்தச் சபையில் ஒருவரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லையே! சரி, நாளை சபை கூடுவதற்குள் பார்த்து வந்து சொல். சட்டம் இருந்தால் நான் மீற மாட்டேன். உனக்குக் கொட்டில்தான்."

செவ்வந்தியப்பன் சுவடி அறைக்கு ஓடினான். நாட்டுச் சட்டத்துக்குப் பண்டிதர்கள் எழுதிய உரைகள் மூன்று. தும்மல் சட்டம் நடுவுரையில் இருந்தது. கீழே ஒரு குறிப்பு: "ஆதாரம் பேருரையில் காண்க." பேருரையை இறக்கித் தூசி தட்டினான். "சிற்றுரையில் தெளிவாக உள்ளது" என்றது அது. ஏணி போட்டு ஏறிச் சிற்றுரையை எடுத்தான். அதில் ஒரே வரி: "இதைத் தலைமைப் பண்டிதர் அறிவார்."

இனி மிச்சம் இருப்பது மூலம்தான். அது சபை வாசலிலேயே நின்றது. நாட்டை நிறுவிய அரசர் வெட்டி வைத்த சட்டக்கல். தினமும் அதற்கு நல்லெண்ணெய் அபிஷேகம், சந்தனக் காப்பு, மாலை. தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டார்கள். ஒருவரும் படித்ததில்லை. படிக்க நினைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு விட்டால்தானே!

"மன்னிச்சுக்கோ சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, சீயக்காயும் தேங்காய்நாருமாகத் தேய்க்கத் தொடங்கினான். எழுத்து தெரிந்தது. படித்தான். தன் கண்ணையே நம்பாமல் விரலால் தடவி மறுபடியும் படித்தான்.

ஆனால் இதைச் சொன்னால் பண்டிதர் ஒத்துக்கொள்வாரா? "கல் கும்பிடுவதற்கு, உரைதான் படிப்பதற்கு" என்பார். செவ்வந்தியப்பன் யோசித்தான். பிறகு ஒரு புது ஓலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மறுநாள் சபை கூடியதும் ஓலையோடு எழுந்தான்.

"பண்டிதரே, 'நாசிகா தீபிகை' படித்திருக்கிறீர்களா?"

"படிக்காமலா? சின்ன வயதிலேயே மனப்பாடம்!"

"அது பெரிதா, உரைகள் பெரிதா?"

"இது என்ன கேள்வி! உரைகள் எல்லாம் அதன் பிள்ளைகள். அதில் சொன்னால் மறுபேச்சே கிடையாது."

"அப்படியானால் அதில் தும்மல் பற்றி வருவதைக் கொஞ்சம் சொல்லுங்கள்."

"தொண்டை கட்டியிருக்கிறது. நீயே படி."

செவ்வந்தியப்பன் படித்தான். "மன்னர் தும்மியதும் சிம்மாசனம் ஏறும் பண்டிதர், மன்னருக்குச் சளி தீரும்வரை மன்னரின் கஷாயத்தையும் தாமே குடிக்க வேண்டும். வேளைக்கு ஒரு சொம்பு."

அரசரின் தும்மலுக்குத் தினமும் கஷாயம் காய்ச்சிச் சபைக்கே கொண்டுவரும் அரண்மனை வைத்தியர் முகம் மலர்ந்து அண்டாவை நகர்த்தினார். நிலவேம்பு வாடை சபை முழுக்கப் பரவியது.

"பொய்!" பண்டிதர் துள்ளி எழுந்தார். "அப்படி ஒரு நூலே கிடையாது!"

"மனப்பாடம் என்றீர்களே?"

"கொண்டா அந்த ஓலையை! இதோ பாருங்கள், பூசிய மைகூடக் காயவில்லை!"

"காயாதுதான். இன்று விடிகாலையில்தான் நான் எழுதி முடித்தது. பழைய நூல் என்று நான் எங்கே சொன்னேன்? படித்தீர்களா என்றுதானே கேட்டேன். முதலிலேயே ஓலையை வாங்கிப் பார்த்திருக்கலாமே, ஐயா."

அரசர் முன்னால் சாய்ந்தார். "அப்படியானால் உண்மையான சட்டம் எங்கே?"

"வாசலில் நிற்கிறது, அரசே. நேற்றுத்தான் குளிப்பாட்டினேன்."

சபையே எழுந்து வாசலுக்குப் போனது. அரசர் குனிந்து, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்.

"மன்னன் தும்மினால், அருகில் இருப்பவர் சற்று நகர்ந்துகொள்ளலாம்."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் காதில் மாட்டிக்கொண்டது. தம் முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பன் கழுத்தில் போட்டார். "இனி எவர் எந்தச் சட்டம் சொன்னாலும் இவன் மூலத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சொல்ல வேண்டும். கல்லுக்கு இனி எண்ணெய் வேண்டாம். சீயக்காய் மட்டும் போதும்!"

பதற்றத்தில் பண்டிதர், பழக்கதோஷம், பொடி டப்பியைத் திறந்துவிட்டார்.

அரசர் தும்மினார். மறுபடியும் தும்மினார். மூக்கைப் பிடித்துப் பார்த்தும் மூன்றாவதும் வந்துவிட்டது.

எல்லாரும் பண்டிதரைப் பார்த்தார்கள். வைத்தியர் சொம்பைக் கையில் எடுத்தார்.

"நூறாயுசு, அரசே!" என்று கும்பிட்டுவிட்டு, அகோரநாதர் சட்டப்படி சற்று நகர்ந்துகொண்டார்.