குட்டை ஸ்புரூஸ் ஏன் வளரவில்லை

அந்தக் காலத்தில், மரமும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட காலத்தில், பனிமலையிலிருந்த ஸ்புரூஸ் மரங்களுக்கு வளர்வதைத் தவிர வேறு வேலையே கிடையாது. ஊசி ஊசியாய் இலை வைத்த அந்த மரங்கள், விடிந்தால் ஒரு சாண், பொழுதடைந்தால் ஒரு சாண் என்று வானத்தைப் பார்த்து ஓடின. அப்படி ஒரு வெறி!

அவற்றின் நடுவே ஓர் இளமரம். அதன் உச்சிக் குருத்தில் போய்க் கூடு கட்டினாள் ஒரு சிட்டு. தலைச்சன் பிள்ளைக்காரி, அவளுக்கு என்ன தெரியும்? முட்டையிட்ட பிறகுதான் அண்ணாந்து பார்த்தாள். மேலே வல்லூறு வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, நீங்க இன்னும் ரெண்டு சாண் வளர்ந்தா, இந்தப் பெரிய மரங்களோட கிளை மறைவைத் தாண்டிக் கூடு வெளியே தெரிஞ்சுடுமே! என் பிள்ளைங்க போச்சே!" என்று அலறினாள்.

இளமரம் உச்சியை ஆடாமல் பிடித்துக்கொண்டது. "அழாதே தங்கச்சி. பிள்ளைங்க பறந்துபோனதும் ஒரு வார்த்தை சொல்லு. அதுவரைக்கும் நான் வளரலை" என்று வாக்குக் கொடுத்தது. கொடுத்த கையோடு, தண்ணீர் ஏறாதபடி வேர்களை இறுக்கி மடக்கிக்கொண்டது.

"என்னடா நோஞ்சான், தண்ணி இறங்கலையா?" என்று கேலி செய்துகொண்டே பக்கத்து மரங்கள் மேலே போயின. இளமரம் வேர்களை இன்னும் இறுக்கிக்கொண்டது. வல்லூற்றின் நிழல் விழும்போதெல்லாம் அதற்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் பெரிய மரங்களின் கிளைக்கடியில் இருந்த கூடு வல்லூற்றின் கண்ணில் படவேயில்லை.

குஞ்சுகள் பொரிந்தன, சிறகு முளைத்தது, ஒரு காலையில் பறந்தும்விட்டன. தாய்க்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்துப் போங்கடா!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே பறந்தாள். சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை, பாவி மகள்!

தன் தலைமேல் இருப்பதை எந்த மரத்தால் பார்க்க முடியும்? "தங்கச்சி, எல்லாரும் போயாச்சா? கடைக்குட்டி ஏதும் தங்கிடுச்சா?" என்று கேட்டது. தாயோ அதற்குள் வெகுதூரம் போயிருந்தாள். பக்கத்து மரங்களைக் கேட்டது. அவை வளர்ந்திருந்த உயரத்துக்கு அதன் குரல் எட்டவில்லை. வளர்ந்துவிடலாமா? வளர்ந்து, உள்ளே ஒரு குஞ்சு இருந்து, அதை வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டால்?

அன்று முதல்தான் அந்த மரமும் அதன் வம்சமும் வருஷத்துக்கு நகக்கண் அளவு வளர்ந்துவிட்டு, பயந்துபோய் நின்றுவிடுகின்றன. தோட்டத்தில் கொண்டுவந்து வைத்தாலும் அப்படித்தான். குனிந்து பார்த்தால் உச்சியில் ஒன்றுமில்லை என்று நமக்குத் தெரிகிறது. அதனிடம்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை.